மயிலாப்பூரை வரைந்த ஐரோப்பிய ஓவியர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட வீடுகளில் சாமி படம் இல்லாத சுவரைக் காண்பது அரிது. வேலைக் கண்டால் முருகன், சூலத்தைக் கண்டால் மாரியம்மன் என்று நம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கிறிஸ்தவ சமய ஓவியங்களையும் நாம் இவ்வாறே படிக்கலாம். அம்பு செபஸ்தியாருக்கு, ஈட்டி தோமையாருக்கு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வேல் முருகன் ஏந்தும் படை. ஈட்டியோ தோமையாரைக் கொன்ற படை. தாம் பட்ட துன்பமே அவர்களுக்கு அடையாளமாயிற்று.

இத்தகையோரை மறைசாட்சிகள் என்கிறோம். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் சாட்சி என்பதே பொருள். படங்கள் மக்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று 1563இல் திரெந்து சங்கம் வலியுறுத்தியது. அதன்பின் எழுந்த பரோக் ஓவியங்கள், எழுத்தறியாதவர் நெஞ்சையும் உலுக்கும்படி மறைசாட்சிகளின் மரணத்தைக் காட்டின.

அவற்றுள் ஒன்று நமக்கு நெருக்கமானது. தோமையார் மயிலாப்பூருக்கு அருகே ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. பிராக் நகரின் புனித தோமையார் கோயிலுக்காக 1630களின் பிற்பகுதியில் அக்காட்சியை வரைந்தவர் பீட்டர் பால் ரூபன்ஸ். தோமையார் சிலுவையைத் தழுவி நிற்கிறார். கொலைஞர்கள் சூழ்ந்து தாக்குகிறார்கள். மேலே வானதூதர்கள் இறங்குகிறார்கள். நம் மலையில் மூடுபனி விலகும்போது ஒரு சரிவில் மட்டும் வெயில் விழுவதைக் கொழுந்து எடுப்போர் அறிவர். பரோக் ஓவியர் அவ்வாறுதான் ஒளியைக் கையாள்வார். நாம் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒளியே சொல்லும். மூல ஓவியம் இன்று பிராக் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ரூபன்ஸ் இந்தியாவைக் கண்டதே இல்லை. அவர் படத்தை மட்டும் பார்ப்பவர், மயிலாப்பூர் மக்கள் என்றாலே கொலைஞர்கள் என்று எண்ணிவிட மாட்டாரா?

இதற்கு விடை வரலாற்றில் கிடைக்கிறது. ரூபன்சுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்க்கோ போலோ அக்கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வந்தார்கள் என்றும், அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் குறிக்கிறார். குத்தியவர்கள் அந்த மண்ணினர் என்றால், நினைவைக் காத்தவர்களும் அந்த மண்ணினரே. ஓவியத்தில் முதலாமவர் இருக்கிறார்கள், இரண்டாமவர் இல்லை.

ஆகவே, நேயர்களே, கொடுமையைக் காட்டும் ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். ஒளி யார்மேல் விழுகிறது? படத்துக்கு வெளியே நிற்பவர் யார்? முதல் கேள்வி கலையைக் கற்பிக்கும். இரண்டாவது, ஒரு படத்தை வைத்து ஓர் இனத்தையே வெறுக்காதிருக்கக் கற்பிக்கும். பல சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் தோட்டங்களுக்கு இரண்டும் வேண்டும்.