எழுதுவோர் வட்டம்: மறுபடியும் தொடங்குவோம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நமதூரில் எழுதுவோர் வட்டத்தை மறுபடியும் தொடங்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது நான்கே கூட்டங்களில் நின்றுபோனது. அதற்கு முதல் காரணம் நான்தான்.

சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை என்று நேரமெல்லாம் போய்விடும். எழுதி வந்தவர்களுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான். மூன்றாம் கூட்டத்தில் ஒரு சகோதரி, தன் வாப்பா சவூதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய கடிதங்களைப் பற்றி எழுதி வாசித்தார். நான் அந்தத் தாளை வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் ஒற்றுப்பிழைகளை எண்ணிக் காட்டினேன். அதன்பின் அவர் வரவே இல்லை.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். 1938-இல் அவருடைய ‘காதலா கடமையா’ நாவல் வெளிவந்தபோது முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. படிப்பு குறைவு, பேச்சு கொச்சை என்று யாரும் தயங்க வேண்டாம்.

இம்முறை நடைமுறை எளிது. எட்டுப் பேர் சேர்ந்தால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின் நமது நூலகத்தில் கூடுவோம். மக்ரிபுக்கு முன் முடிப்போம். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு கூட்டத்தில் நான்கு பேர் வாசிப்பார்கள், ஆளுக்கு இரண்டு பக்கம். அடுத்து வாசிப்பவர்களின் பெயரை அன்றே நோட்டில் எழுதிவிடுவோம். கேட்பவர்கள் முதலில் மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். பிறகு புரியாத இடத்தைக் கேட்கலாம். எழுத்துப்பிழையைப் பென்சிலால் குறித்துத் தனியே கொடுப்போம். ஒருவர் வாசித்ததை அவர் அனுமதியின்றி வெளியே பேசவோ, வாட்ஸ்அப்பில் போடவோ கூடாது. வீட்டு விஷயம் எழுதுபவருக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம். பெண்கள் தனி அமர்வு விரும்பினால், மதரஸா வகுப்பறையை அவர்களே பொறுப்பெடுத்து நடத்தலாம்.

எழுத வராத பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதையை என் பாட்டனார் எத்தனையோ முறை சொன்னார். நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை.

சென்ற வாரம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “கேசட்டெல்லாம் இன்னும் இருக்கு மாமா, யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இன்ஷா அல்லாஹ், அவர் வருவார். வந்தால் முதலில் வாசிப்பவர் அவர்தான். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

வஸ்ஸலாம்.