பூ பெற்றோருக்கு, இலை பிள்ளைக்கு



ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் கொல்லைப்புறம் மிஞ்சியிருக்கிற வீடுகளில் ஒரு கறிவேப்பிலைக் கன்றோ நாரத்தை மரமோ கட்டாயம் இருக்கும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் அந்தச் செடியின் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள் சிதறிய ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து சுற்றும். எலுமிச்சை அழகி என்று அதைச் சொல்கிறார்கள். செடியில் பூவே இருக்காது, ஆனாலும் அது போகாது. ஒரு கொழுந்தில் உட்காரும், எழும், அடுத்த கொழுந்துக்குப் போகும். உட்காரும் ஒவ்வொரு முறையும் முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். வண்ணத்துப்பூச்சிக்குச் சுவை அறியும் நுண்ணுறுப்புகள் காலிலும் உண்டு. இது நம் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று தாய் காலால் ருசி பார்க்கிறது. சரி என்று பட்டால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். அடுத்த முட்டைக்கு வேறு இலை.

அந்த முட்டை வெளிர்மஞ்சளாக, உருண்டையாக, ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் அளவில் இருக்கும். ஏறக்குறைய மூன்று நாளில் புழு வெளியே வரும். அதன் முதல் சாப்பாடு தான் இருந்த முட்டையின் ஓடுதான். அதன் பிறகு இலை, இலை, இலைதான். தாய் திரும்பி வருவதில்லை. இந்த உயிர்களிடத்தில் பிள்ளை வளர்ப்பு என்பது, சரியான இலையைத் தேடிப்பிடித்து முட்டை வைப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வேலையில் தாய் காட்டும் கவனத்தைப் பார்த்தவர்கள் அதைச் சிறிய வேலை என்று சொல்ல மாட்டார்கள். தவறான செடியில் வைத்துவிட்டால் பிள்ளை பட்டினி கிடந்து சாகும். அது நடந்துபோய் வேறு செடி தேடும் அளவுக்குப் பெரிய உயிரும் அல்ல.

சின்னப் புழுவைப் பார்த்தால் புழு என்றே தோன்றாது. பழுப்பு நிறத்தில் நடுவே வெள்ளைத் திட்டோடு, இலையில் காக்கையோ குருவியோ எச்சமிட்டது போலக் கிடக்கும். எச்சத்தைக் கொத்த எந்தக் குருவி வரும்? நான்கு முறை தோலுரித்துப் பெரிதான பிறகு அந்த வேஷம் எடுபடாது. அப்போது இலையின் பச்சைக்கு மாறிவிடும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில், இரண்டாகப் பிரிந்த ஒரு சதைக்கொம்பு சட்டென்று வெளியே நீளும். கூடவே ஒரு நெடி அடிக்கும். எறும்பையும் சிறிய பூச்சிகளையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது.

இத்தனை காவல் இருந்தும் பெரும்பாலான முட்டைகளும் புழுக்களும் பிழைப்பதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகள் இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும் குளவிகள் அவை. சிலந்தி இருக்கிறது, கும்பிடுபூச்சி இருக்கிறது, குஞ்சுக்கு இரை தேடும் குருவிகள் இருக்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குருவியும் தன் குஞ்சைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? பிழைத்த புழு ஒரு குச்சியில் பட்டுநூலால் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சை இலைகளுக்கு நடுவே என்றால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் என்றால் பழுப்புக் கூடு. பத்து நாள் வாக்கில் அதைப் பிளந்துகொண்டு சிறகுகள் சுருங்கிய ஓர் உயிர் வெளியே வந்து தொங்கும். உடம்பிலுள்ள திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்கும். அதே நேரம் இன்னொரு வேலையும் நடக்கும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. தேன் உறிஞ்சும் குழல் பிறக்கும்போது இரண்டு பாதிகளாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் சுருட்டிச் சுருட்டி நீட்டி, ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். பொருந்தாமல் போனால் அந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் குடிக்க வழியில்லை.

இனிமேல் அதனால் எதையும் மெல்ல முடியாது, உறிஞ்சத்தான் முடியும். தேன் பறப்பதற்கான எரிபொருள். சிறகும் தசையும் ஆன சத்து முழுவதும் புழுவாக இருந்தபோது இலையிலிருந்து சேர்த்தது. நான் இன்று சொல்ல வந்ததே இதைத்தான். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று நாம் பூச்செடி வைக்கிறோம். பூ பெற்றோருக்கு. பிள்ளைக்கு வேண்டியது இலை, அதுவும் இன்னின்ன செடியின் இலைதான் வேண்டும்.

ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கிற இந்தத் தீவின் இரண்டு பெரிய கோயில்களை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீரங்கத்து அரங்கனுக்குத் துளசி. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்துத் துளசி கைங்கரியம் செய்த ஊர் இது. திருவானைக்காவல் ஜம்புகேசுவரருக்கு வில்வம். துளசிக் கதிரின் சிறு பூக்களில் வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிக்கின்றன. வில்வ இலையோ எலுமிச்சை அழகியின் புழுவுக்கு உணவு, ஏனென்றால் வில்வமும் எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெருமாளுக்கு உகந்தது தாய்க்கும் சிவனுக்கு உகந்தது பிள்ளைக்கும் என்று இந்த மண்ணில் அமைந்திருப்பதை நினைக்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். சுமார் 25 ஏக்கர், 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது ஓட்டை விழுந்த இலைகளைத் தேடுங்கள். அந்தப் பூங்காவின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. எந்தத் தோட்டக்காரரும் புழு அரித்த செடியைப் பார்த்தால் முகம் சுளிப்பார். புழு தின்ன வேண்டும் என்பதற்காகவே செடி நட்டுத் தண்ணீர் ஊற்றும் இடம் இது. அந்த வேலையைச் செய்கிற பணியாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்தச் செடிகளில் பாதிக்கு நாம் களை என்று பெயர் வைத்திருக்கிறோம். எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர்ச் சாலையோரத்தில், கொள்ளிடக் கரையில், காலி மனையில் எங்கும் நிற்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் அதைத் தின்னாது. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், அது நஞ்சு. அந்த எருக்கிலையில்தான் வெந்தய வரியன் முட்டையிடுகிறது. செம்மஞ்சள் சிறகும் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளிகளுமாக நம் ஊரில் தினமும் கண்ணில் படுகிற வண்ணத்துப்பூச்சி. அதன் புழு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருக்கும். அது எருக்கை எப்படித் தின்கிறது என்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பால் ஒட்டினால் சின்னப் புழுவின் வாய் பசைபோட்டது போல் மூடிக்கொள்ளும். அதனால் முதலில் இலை நரம்பைக் கடித்து அறுக்கிறது. பால் அங்கேயே வடிந்து நின்றுவிடும். வெட்டுக்கு அப்பால் பால் போய்ச் சேராத பகுதியில் நகர்ந்து, அதன் பிறகு தின்னத் தொடங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிறந்த சில நாளிலேயே.

எருக்கின் நஞ்சில் கொஞ்சத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் அது இருக்கும். ஒரு தடவை கடித்த குருவி அந்தக் கசப்பை மறக்காது. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் தாழப் பறக்கிறது. இதன் நெருங்கிய உறவுதான் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவரை பறந்துபோகும் மொனார்க். அங்கே வயல்களில் களைக்கொல்லி அடித்து, எருக்கின் உறவுச் செடிகளை அழித்தது மொனார்க்குகள் குறைந்துபோனதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். நாம் எருக்கைச் சுத்தமாக ஒழித்தால் இங்கேயும் அப்படித்தான் ஆகும்.

வெந்தய வரியனுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பை இன்னொரு வண்ணத்துப்பூச்சி உருவத்தால் பெற்றிருக்கிறது. பருப்புக்கீரையைத் தின்று வளரும் ஒரு வகை அது. ஆண் கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். பெண்ணோ அச்சு அசல் வெந்தய வரியன். உடம்பில் நஞ்சு இல்லை, ஆனால் குருவிக்கு அது தெரியாதே!

இதைவிடப் பெரிய அதிசயம் நம் வீட்டுக் கறிவேப்பிலையிலேயே வளர்கிறது. கறிவேப்பிலை அழகியின் பெண்கள் மூன்று விதமாக இருக்கும். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று ரோஜா அழகியைப் போல. மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. இந்த இரண்டு அழகிகளும் ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி ஆகிய நச்சுச் செடிகளைத் தின்று வளர்ந்தவை, குருவிகள் சீண்டாதவை. முன்பு இந்தப் பெண்களை வெவ்வேறு இனம் என்றே நினைத்தார்கள். எல்லாம் ஒரே இனம்தான் என்பதை ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1865-இல் எடுத்துக்காட்டினார். ஒரே தாயின் பெண்களுக்கு மூன்று உருவம் எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஆணா பெண்ணா என்ற வேறுபாட்டை வளர்ச்சியில் நடத்துகிற ஒரே ஒரு மரபணுதான் இந்தச் சிறகு உருவத்தையும் தீர்மானிக்கிறது என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய கூட்டாளிகளும் 2014-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சாம்பாருக்குக் கறிவேப்பிலை கிள்ளும்போது நம் விரலுக்குப் பக்கத்தில் நடக்கிற சங்கதி இது.

அரளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூமாலைக்கு வளர்க்கிறோம், நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். அதன் இலைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சில நாள் பொன்னும் வெள்ளியுமாகப் பளபளக்கும் ஒரு கூடு தொங்கும். நகைக்கடையில் கூட அப்படி ஒரு மெருகைப் பார்க்க முடியாது. கறுப்பும் பழுப்புமாய், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைத்த ஒரு சாதாரண வண்ணத்துப்பூச்சியின் கூடு அது.

முக்கொம்பு ஆற்றங்கரையின் ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆண்கள். தேனில் உப்புச்சத்து போதாது, அதை ஈர மண்ணிலிருந்து உறிஞ்சுகின்றன. சேரும்போது அதில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கின்றன, அது முட்டைகளுக்குப் போகிறது. தேள்கொடுக்குச் செடி வாடிக் காய்ந்து கிடந்தால் வரியன்கள் அதை மொய்ப்பதும் இதுபோல ஒரு தேவைக்குத்தான். அதன் சாற்றிலிருந்து பெண்ணை ஈர்க்கும் மணத்தை ஆண்கள் தயாரித்துக்கொள்கின்றன.

திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பல வகைகள் நிழலோடு நிழலாக ஒதுங்கிவிடும், எண்ணிக்கையும் குறையும். நீல வரியன்களும் அவற்றின் கூட்டாளிகளும் இடமே மாறுகின்றன. தென்மேற்குப் பருவமழை மலைகளில் கொட்டத் தொடங்குவதற்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஐப்பசி வாக்கில் மேற்கே திரும்புகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து களைகள் துளிர்த்ததும் இந்தத் தீவு முழுக்கச் சிறகுகள்தான். மேலூர்ப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப்போக மழை விட்ட பிறகான அந்த வாரங்கள் நல்ல காலம். சூரியன் ஏறிய பிறகு போங்கள், உடம்பு சூடேறாமல் அவை பறக்காது.

வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள். பக்கத்தில் இட்லிப்பூவும் துளசியும் இருந்தால் தாய் வந்து போகும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெயும் வேண்டாம். புழுவைக் கண்டால் அதைக் கையால் எடுத்து இடம் மாற்றாதீர்கள், அது இருக்கும் கிளையோடு விட்டுவிடுங்கள். செடி சின்னதாக இருந்து இலை தீர்ந்துபோகும் போலிருந்தால், பக்கத்து வீட்டிலிருந்து மருந்து படாத ஒரு கொத்தை ஒடித்து அந்தக் கிளையோடு சேர்த்துக் கட்டுங்கள், புழு தானே நடந்து போய்விடும். சமையலுக்கு இலை பறிக்கும்போது மட்டும் ஒவ்வொரு ஈர்க்கையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், முட்டை இருக்கிற இலையை விட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளிக்கொள்ளுங்கள்.