காலியாக விட்ட இடம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விருதுநகரில் நாம் படித்த நாட்களில், லீவு விட்டால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் அடுக்கப் போவேன். மேலே முருகன் படம், அடியில் வெற்றிடம். "ஏண்ணே, இதைச் சும்மா விட்டிருக்கு?" என்று போர்மேனிடம் கேட்டேன். "கடைப் பேரு அடிக்கத்தான் தம்பி. எந்தக் கடைன்னு இப்பத் தெரியாதுல்ல?" என்றார்.

அதே வெற்றிடத்தைப் பின்னாளில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் பார்த்தேன். எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைகளில் பழையது 'ரிப்'. 1988-இல் சார்லஸ் ஹெட்ரிக் அதை எழுத்தில் வகுத்தபோது, ஒரு வழிக்கு 20 பைட் ஒதுக்கி, அதில் 10 பைட்டைப் பூஜ்யமாகவே விடச் சொன்னார். பதிப்பு எண் 1-க்கு மேல் இருந்தால், அந்த இடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறது என்பதற்காகச் செய்தியைத் தள்ளிவிடக் கூடாது என்றும் விதி வைத்தார்.

1993-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. சப்நெட் மாஸ்க், அடுத்த ரூட்டரின் முகவரி எல்லாம் அந்த வெற்றிடத்திலேயே உட்கார்ந்தன. நீளம் மாறவில்லை. பழைய ரூட்டர் தனக்குத் தெரிந்ததை மட்டும் படித்துக்கொண்டது.

அவ்வளவு பார்த்துச் செய்ததையும் நான் கெடுத்தேன். 1999, தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலக ரூட்டரை ராத்திரியில் புதிய பதிப்புக்கு மாற்றினேன். கிளைகளில் இருந்தவை பழையவை. புதியது 224.0.0.9 என்ற குழு முகவரிக்கு அனுப்பும். பழையதின் காதில் அது விழாது, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால்தான் விழும். அப்படிச் சொல்லவைக்க ஓர் ஏற்பாடு உண்டு. நான் அதைப் போடவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகவே ஓடியது. டீ குடிக்கப் போனேன். 180 வினாடி தகவல் வராவிட்டால், அந்த வழி இல்லை என்று ரூட்டர் முடிவு கட்டிவிடும். திரும்பி வந்தால் எல்லாக் கிளைகளும் துண்டாகிக் கிடந்தன. காரணம் பிடிபட விடிந்துவிட்டது. போனஸ் பட்டியல் ஒரு நாள் தாமதம். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காத்திருந்தவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை.

இளைய மாணவர்களுக்கு ஒன்றே சொல்வேன். கடைசிப் பழைய பெட்டியைக் கழற்றும்வரை, புதுசுதான் பழசுக்குப் புரியும்படி பேசணும். மாற்றியபின் உடனே டீக்குப் போகாதீர்கள். மூன்று நிமிடம் தாண்டட்டும்.