மின்னூல் அங்காடிகளும் நூற்பட்டியலும்

(மும்பை, பாண்டுப்பில் தமிழ் மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

பாண்டுப் போன்ற தொழிற்புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் நூல் எளிதில் கிட்டுவதில்லை. நூல் ஒரு மாநிலத்திலும் வாசகர் வேறு மாநிலத்திலுமாக உள்ள இந்நிலையை மின்னூல் மாற்றக்கூடும். ஆனால், அது கருவியைவிட அங்காடியின் நூற்பட்டியலையே பெரிதும் பொறுத்ததாகும்.

அமெரிக்க அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்டபோது, ஏறத்தாழ 90,000 நூல்களைத் திரட்டியிருந்தது. பெருமளவில் விற்பனையாகும் புதிய நூல்களைப் பதிப்பகங்களிடமிருந்து பெறுவதில் அது கருத்தூன்றியது. போட்டியாளர்கள் வேறு வழியையும் நாடினர். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைக் கூகுள் நிறுவனம் மின்வடிவில் படியெடுத்து வைத்திருந்தது. அவற்றுள் 5 லட்சம் நூல்களை 2009 மார்ச்சில் சோனி நிறுவனம் தன் வாசகர்களுக்குக் கிடைக்கச் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனம் 7 லட்சம் நூல்களுடன் அங்காடியைத் தொடங்கியது. அவற்றுள் 5 லட்சத்திற்கு மேற்பட்டவை கூகுள் வழங்கிய பழைய நூல்களே. எண்ணிக்கை பெருகிய அளவிற்குப் புதிய நூல்கள் பெருகவில்லை.

இதற்குக் காரணம் எளிது. பழைய நூலுக்கு எவருடைய இசைவும் தேவையில்லை. உரிமையுள்ள நூலுக்கோ ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் மின்வடிவம் பற்றிய பேச்சே இல்லை.

இந்தியாவில் பிளிப்கார்ட் நிறுவனம் 2012இல் மின்னூல் விற்பனையைத் தொடங்கி, 2015இல் அதனைக் கைவிட்டது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல்களை அறிமுகப்படுத்தியது. ஆயினும், தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பணியை மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998இலேயே இலாப நோக்கின்றித் தொடங்கிவிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை எவரும் வெளியிடலாம். இவற்றால் இலக்கியச் செல்வம் எளிதில் பட்டியலில் சேர்கிறது. ஆனால், பாண்டுப் மாணவருக்கு இன்றைய பொருளியல் நூலும் அறிவியல் நூலும் தேவை. அவை ஒப்பந்தமின்றி வாரா.

எனவே பதிப்பகங்கள் மின்னுரிமையையும் அதற்குரிய ஊதியத்தையும் ஒப்பந்தத்தில் தெளிவாகக் குறிப்பிடுதல் வேண்டும். மின்னூல் வாங்கும் நூலக அலுவலர்களும் ‘எத்தனை நூல்கள்?’ என்று கேட்பதோடு நில்லாது, ‘வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காதவை எத்தனை?’ என்றும் கேட்டல் நலம். பட்டியலின் பயன் அதன் நீளத்தில் இல்லை. தேடி வரும் மாணவருக்கு வேண்டிய நூல் அதில் இருப்பதில்தான் உள்ளது.