பழைய வண்டி, பெரிய குடும்பம், சின்ன பட்ஜெட்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் "ஒரு டெக்னிகல் டாக் கொடுப்பா" என்றார். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, "அந்தப் பழைய பொலேரோவை வச்சுக்கிட்டுக் குடும்பத்தோட மலைமலையா சுத்தறியாமே, அதையே பேசேன்" என்று சொல்லிவிட்டார். எனவே, பழைய ஜீப் வகை வண்டி ஒன்றை, கையைக் கடிக்காத செலவில், கூடாரம் போட்டுத் தங்கி வரும் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது என்பதுதான் இன்றைய விஷயம். பாடம் மாதிரி இருக்கும், ஆனால் பரீட்சை கிடையாது. பயப்பட வேண்டாம்.

என் வண்டி 2009 மாடல். இரண்டாம் கையாக வாங்கியது. 2024-ல் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டேன். அப்போது எல்லோரும் கேட்டார்கள், "வித்துட்டுப் புதுசு வாங்கலாமே?" என்று. வீட்டு லோன் ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. "என்னையும் கூட்டிட்டுப் போறதுன்னா போ, இல்லாட்டி நீயும் போகாதே" என்பது அம்மாவின் உத்தரவு. கையில் இருந்த பணம் 60,000 ரூபாய். கேள்வி இவ்வளவுதான்: இந்த ஐந்து உயிரை ஏற்றிக்கொண்டு, இந்தப் பணத்தில், பதினைந்து வயசு வண்டி மலை ஏறி இறங்குமா?

பழைய வண்டிக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. அடியில் தனியாகச் சேஸிஸ், அதன் மேல் பாடி. பின்னால் லீஃப் ஸ்பிரிங். தாலுகா தலைநகரம் எதிலும் இதைப் பிரித்துப் போடத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பார், பார்ட்ஸும் கிடைக்கும். ஆனால் புதுப் பொருள்களை மாட்டிவிட்டால் பழைய வண்டி புது வண்டி ஆகிவிடாது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியில் எதையும் சேர்ப்பதற்கு முன்னால், இருப்பதைக் கூட்டிப் பாருங்கள். எடைதான் முதல் கணக்கு. அந்தக் கணக்கு முடிந்தால் பட்ஜெட் தானாக வந்துவிடும்.

வண்டியில் தயாரிப்பாளர் பிளேட் ஒன்று இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொண்டு, லாரிகள் எடை போடும் எடை மேடைக்குப் போய் வெறும் வண்டியை நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் இடம். என் வண்டியில் அது சுமார் 500 கிலோ.

இப்போது கழிக்க ஆரம்பிப்போம். ஐந்து பேர் சேர்ந்து 265 கிலோ. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் இரண்டு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர், அது 40 கிலோ. அடுப்பு, பாத்திரம், மளிகை 25. படுக்கை, போர்வை 20. கூடாரமும் தார்ப்பாயும் 12. உள்ளே படுப்பதற்குச் செய்த பலகைமேடை 35. டூல்ஸ், கயிறு, கூடுதல் ஜாக்கி 20. கூட்டினால் 417. மிச்சம் 83 கிலோதான். இந்த நிலையில் ஒருவர் இரும்பில் கூரைக் கேரியரும், முன்னால் கனமான இரும்பு பம்பரும், வின்ச்சும் மாட்டினால் என்ன ஆகும்? நூறு கிலோ சாதாரணமாக ஏறிவிடும். வண்டி புறப்படும் முன்பே ஓவர்லோடு.

அதுவும் கூரையில் ஏறுகிற எடை மோசமானது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2000 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரத்தில் 100 கிலோ கட்டினால் மையம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் மேலே போகிறது. 6 சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் வருவதுதான் வண்டி கவிழாமல் நிற்கும் திறன். அகலம் 1.4 மீட்டர் என்றால் அந்த எண் 0.93-லிருந்து 0.86-க்கு இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் இந்த வித்தியாசம் தெரியும். அதனால் எங்கள் வண்டியில் கூரைமேல் ஒன்றும் கிடையாது. தண்ணீர் கேன் இரண்டும் கீழே, பின் அச்சுக்கு முன்னால், பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது.

ஒரு கடையில், வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்டால்தான் "லுக்" வரும் என்றார்கள். லுக் வரும், வாஸ்தவம்தான். ஆனால் டயரின் விட்டம் பத்து சதவீதம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடுகிறது. அதே தூரத்தில் நிறுத்த பிரேக்குக்குப் பத்து சதவீதம் கூடுதல் முறுக்குவிசை வேண்டும். பிரேக் என்னவோ பழசுதான். எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஏனுங்க சார், வண்டியை மேல தூக்கறதுக்கு முன்னாடி கீழ என்ன இருக்குதுன்னு பாத்துப்போடலாமுங்க." பார்த்தோம். புஷ்கள் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தன.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. முன்னால் மாட்டும் இரும்புக் கார்டு கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போவதும் வம்புதான், ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் கிளெய்ம் நேரத்தில் அவர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். நான் வைத்துக்கொண்ட விதி: எதைச் செய்தாலும் அரை மணி நேரத்தில் ஸ்பேனரால் கழற்றி எடுத்து, வண்டியைப் பழையபடி நிறுத்த முடிய வேண்டும்.

சரி, 60,000 எங்கே போனது? கம்பெனி சொன்ன அதே 215/75 ஆர் 15 அளவில், ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து டயர், 30,000. பாதிப் பணம் அங்கேயே போய்விட்டது. பழைய டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அடித்திருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதைப் படித்தால் டயரின் ஜாதகம் தெரியும். ரப்பர் ஓடாமலே கிழடாகும். அடுத்து ஷாக் அப்சார்பரும் புஷ்களும் 9,000. பிரேக் பேட், ஷூ, பிரேக் ஆயில் 6,000. ரேடியேட்டர் சுத்தம், கூலன்ட், ஹோஸ், ஃபேன் பெல்ட் 4,500. இதுவரை 49,500. வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் எந்த மாற்றமும் தெரியாது! பக்கத்து வீட்டுக்காரர், "ஏதோ செலவு பண்ணினீங்கன்னாங்களே, எங்கே?" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பிரேக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மெக்கானிக்கல் தம்பிகள் மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். 2000 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 19.6 மெகா ஜூல். அறை வெப்பத்தில் உள்ள 67 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. நம் ஊரில் இது நிஜமான கணக்கு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. அந்தச் சூடு முழுவதும் பிரேக்கில் இறங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கும். குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு வந்துவிடலாம். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. ஒரு பாட்டில் ஆயில் சில நூறு ரூபாய்தான். குடும்பத்தோடு மலைக்குப் போகிறவருக்கு இதைவிட மலிவான "மாடிஃபிகேஷன்" எதுவும் கிடையாது. மீதிச் சூட்டை எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரி டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

மிச்சம் 10,500. அதில் பலகைமேடை 6,500. 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல் வரும், 12 மில்லிமீட்டர் 20 கிலோ சொச்சம்தான். அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் 12 மில்லிமீட்டரே போதும், பீம் பாடத்தில் படித்ததுதானே. பின்பக்கத்துச் சைடு சீட்டுகளை மடித்து, நடு சீட்டையும் மடித்தால் அம்மாவும் சின்னவளும் படுக்க இடம். நாங்கள் மூன்று பேர் கூடாரத்தில். மேடையின் உயரத்தை நான் தீர்மானிக்கவில்லை, அம்மாவின் முழங்கால் தீர்மானித்தது. அவர் பின் கதவோரம் உட்கார்ந்தால் கால் தரையில் படவேண்டும், எழுந்திருக்கக் கை பிடிக்க ஒரு இடம் வேண்டும். அடியில் இரண்டு இழுப்பறை, ஒன்று சமையலுக்கு, ஒன்று டூல்ஸுக்கு. வண்டி ஓடும்போது மேடை மடிந்து கட்டப்பட்டிருக்கும். எல்லோரும் சீட்டில்தான், பெல்ட்டோடுதான்.

வயரிங் 2,000. எல்லோரும் இரண்டாவது பேட்டரி கேட்கிறார்கள். கணக்குப் போடுங்கள். 65 ஆம்பியர் ஹவர் பேட்டரி, 12 வோல்ட், மொத்தம் 780 வாட் ஹவர். 5 வாட் விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம், 50. இரண்டு செல்போன் 30. பத்து வாட் ஃபேன் எட்டு மணி நேரம் 80. கூட்டினால் 160, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நல்ல பேட்டரியாக இருந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஃப்ரிட்ஜ் வைத்தால்தான் இந்தக் கணக்கு கெட்டுவிடும், எங்களுக்கு ஐஸ் பெட்டி போதும். பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. வயர் எரிந்தால் வண்டியும் எரியும்.

அதே வேலையில் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டோம். பழைய வயரிலும் சுவிட்சிலும் வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் ஹாலஜன் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் விழும். பெரிய வாட் பல்பு போடத் தேவையே இல்லை, இருக்கிற பல்புக்கு முழு வோல்டேஜ் கொடுத்தாலே போதும். கடைசி 2,000 தார்ப்பாய், கொசுவலை, கயிறுக்கு. கூடாரமும் அடுப்பும் முன்பே வீட்டில் இருந்தவை. கணக்கு முடிந்தது.

தங்கும்போது இரண்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் சலுகை கிடையாது. ஒன்று, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு உள்ளே தூங்குவது கூடாது. குளிருகிறது என்று கரி அடுப்பை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவருவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கினவரை எழுப்பாது. கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி வலை மாட்டுங்கள். இரண்டு, காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவதில்லை. நாங்கள் தங்குவது தனியார் தோட்டங்களில், உரிமையாளரிடம் கேட்டு. கோடையில் நெருப்பே மூட்டுவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அன்றைய விதி என்ன என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாம் ஏற்றி, ஐந்து பேரும் உட்கார்ந்து, மறுபடி எடை மேடைக்குப் போனோம். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக எடை போட்டோம். அம்மா, "என்னையுமா எடை போடறே?" என்று கோபித்துக்கொண்டார். சீட்டில் வந்த எண் பிளேட்டில் இருந்த எண்ணுக்குக் கீழே. அதற்குப் பிறகுதான் கொல்லிமலைக்கு வண்டியைத் திருப்பினேன். அந்த எடைச் சீட்டு இன்னும் ஆர்.சி.யோடு இருக்கிறது.

தம்பி, தங்கைகளே, வேலைக்குப் போனதும் உங்களில் பலர் இப்படி ஒரு பழைய வண்டி வாங்குவீர்கள். ஸ்டிக்கர், லைட்பார், பெரிய டயர் எல்லாம் ஆசை காட்டும். ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு பேப்பரை எடுத்து, நிற்க, திரும்ப, சூடாகாமல் இருக்க, படுக்க, அதற்குப் பிறகு அழகுக்கு என்று ஐந்து வரி எழுதி, மேலிருந்து கீழே பணத்தைப் பிரியுங்கள். ஐந்தாவது வரிக்கு மிஞ்சினால் அது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு மிஞ்சவில்லை, என் வண்டிக்கு இன்னும் பழைய பெயின்ட்தான்.

வண்டி வெளியே மரத்தடியில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து குனிந்து பார்க்கலாம், மேடையைக் கழற்றி மாட்டியும் பார்க்கலாம். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.