அட்டையா, பாலிசியா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். கோட்டாறில் எங்க வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் சந்தையில் சுமை தூக்குகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னே ஒரு தனியார் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு எடுத்தோம். படிவத்தை ஏஜென்டே எழுதினார். "இவருக்குச் சுகர் உண்டு"ன்னு சொன்னேன். "அதெல்லாம் எழுத வேண்டாம் அக்கா"ன்னார். வாசிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டோம். பாலிசி இருக்கேன்னு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுக்கல்ல.

போன வருஷம் அவருக்குக் காலில் புண் வந்து, தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பழைய வியாதியை மறைச்சிட்டீங்கன்னு கம்பெனி பணம் தரல்ல. நாலு நாளில் 46,000 ரூபாய். கம்மலை அடகு வச்சேன். மீதிக்குக் குழுக் கடன் எடுத்தேன்.

அப்புறம்தான் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தினமும் கட்டு மாத்தி, மருந்து தந்து, காலைக் காப்பாத்தினாங்க. பைசா வாங்கல்ல.

அதுக்காகத் தனியார் காப்பீடே வேண்டாம்னு நான் சொல்லல்ல. அரசு ஆஸ்பத்திரின்னா வரிசையில் நிக்கணும், துணைக்கு ஒரு ஆள் இருக்கணும், அந்த ஆளின் கூலியும் போவும். அதையும் கணக்கில் சேர்க்கணும்.

ஆனால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று கொண்டு போனால் கலெக்டர் ஆபீசில் பதிவாங்க. நாம பிரீமியம் கட்ட வேண்டாம். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும்.

அதுக்குப் பிறகு கையில் மிச்சம் இருந்தால் தனியார் பாலிசி எடுங்க. உள்ள வியாதியை உள்ளபடி எழுதச் சொல்லுங்க. பழைய வியாதிக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லுவாங்க. எத்தனை வருஷம்னு முதலிலேயே கேளுங்க. கடன் வாங்கி மட்டும் பிரீமியம் கட்டாதீங்க.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம்ம குழுப் பெண்களே வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்க்கிறாங்க. அவங்க வரும்போது கதவைத் திறங்க. புண் வந்த பிறகு ஓடுவதைவிட அது லாபம்.

என் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கு. உங்க கம்மல் காதிலேயே இருக்கட்டும்.