பிழை திருத்தும் நொதிகள்



புரத உருவாக்கம் என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவது ரைபோசோம். அந்தச் சிறப்பு அதற்குத் தகும். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் மற்றிருவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆயினும், எந்தக் குறியனுக்கு எந்த அமினோ அமிலம் என்பதை உண்மையில் முடிவு செய்வன, கடத்து ஆர்.என்.ஏ.வில் அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகளே. இக்கருத்தரங்கு அவற்றுக்கு உரிய இடம் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

1962இல் நடந்த ஒரு சோதனையை நினைவூட்டுகிறேன். சிஸ்டீனுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வில் சிஸ்டீனை ஏற்றி, பிறகு ரானே நிக்கலைக் கொண்டு அதிலிருந்த கந்தகத்தை நீக்கினார்கள். ஏறியிருந்த இடத்திலேயே சிஸ்டீன் அலனைன் ஆகிவிட்டது. ரைபோசோமோ அந்த அலனைனைச் சிஸ்டீனின் இடத்தில் கோத்துவிட்டது! குறியனும் எதிர்க்குறியனும் பொருந்துகின்றனவா என்று அவ்வளவு கறாராகப் பார்க்கும் ரைபோசோம், மறுமுனையில் வந்திருக்கும் சரக்கை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. ஏற்றும்போது பிழை நேர்ந்தால் அது புரதத்துக்குள் போய்விடும்.

ஏற்றுவது எளிய வேலையும் அன்று. ஐசோலூசினை விட வேலினில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே குறைவு. இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பினால் ஐந்துக்கு ஒன்று தவறும் என்று லைனஸ் பாலிங் கணக்கிட்டார். செல்லில் நேர்வதோ சுமார் மூவாயிரத்துக்கு ஒன்று. இடைவெளியை விளக்கியது ஆலன் ஃபெர்ஷ்ட்டின் இரட்டைச் சல்லடை. ஐசோலூசினை விடப் பெரியவை, அதை ஏற்றும் நொதியின் முதல் குழியில் நுழைவதில்லை. வேலின் சிறியது, நுழைந்துவிடும், சிலவேளை ஆர்.என்.ஏ.விலும் ஏறிவிடும். ஆனால் அதே நொதியில், 25 ஆங்ஸ்ட்ராமுக்கும் அப்பால், இன்னொரு குழி இருக்கிறது. அதில் ஐசோலூசினுக்கு இடம் போதாது. வேலின் பொருந்தும், பொருந்தியதும் வெட்டி நீக்கப்படும். எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இதில் வியப்பு குறைவதில்லை.

திருத்தும் நொதிகள் வேறும் உண்டு. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் ராஜன் சங்கரநாராயணன் குழுவினர் ஆராய்ந்துவரும் டி.டி.டி. நொதி, தவறி ஏறிய டி-வடிவ அமினோ அமிலங்களைக் கழற்றிவிடுகிறது. டி-வடிவத்தை அது தேடிப் பிடிப்பதில்லை. எல்-வடிவத்தை உள்ளே விட மறுக்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய திருத்தம் சற்றே தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2006இல் வெளியான ஓர் எலி ஆய்வு காட்டிற்று. அலனைன் ஏற்றும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அலனைன் ஏற வேண்டிய ஆர்.என்.ஏ.வில் செரின் ஏறியது. மடிப்புத் தவறிய புரதங்கள் சேர்ந்தன, சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் அழிந்தன, எலிகளின் நடை தள்ளாடியது.

குறியன் அட்டவணையை மனப்பாடம் செய்யும் நம் இளங்கலை மாணவர் பலர் இவை எதையும் கேள்விப்படாமலே பட்டம் பெறுவது எனக்கு வருத்தம் தருகிறது. பாடத்திட்டக் குழுக்களில் இருப்போர் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். பிழைதிருத்தத்துக்கு ஓர் அலகேனும் ஒதுக்கும் பரிந்துரையை நிறைவு அமர்வுக்குள் எழுதித் தாருங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.